ஒரே மதிப்பெண்ணோடு சேர்ந்தும் வேறுபடும் பட்டம்

கேள்வி: பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் கறுப்பின, ஆசிய மாணவர்கள் வெள்ளையின மாணவர்களைவிடத் தாழ்ந்த வகுப்பிலேயே பட்டம் பெறுவதாகப் படித்தேன். பள்ளியில் மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கல்லூரியிலும் குறைவது இயல்புதானே? இதற்கு இனத்தைக் காரணமாகச் சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது, அங்கும் பலர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்த விளக்கம் நிற்கவில்லை. நம் பிளஸ் டூவுக்கு இணையான ‘ஏ லெவல்’ தேர்வில் மூன்று பாடங்களிலும் ‘பி’ தரம் பெற்றுச் சேர்ந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, முதல் வகுப்பிலோ அதற்கடுத்த மேல் இரண்டாம் வகுப்பிலோ தேறியவர்கள் வெள்ளையினத்தவரில் 72 சதவீதம், ஆசியரில் 56 சதவீதம், கறுப்பினத்தவரில் 53 சதவீதம் என்று தெரியவந்தது. ஒரே தரத்தோடு உள்ளே சென்றவர்கள் வெளியே வரும்போது இவ்வளவு பிரிந்து நிற்கிறார்கள் என்றால், பள்ளியின்மீது மட்டும் பழியைப் போட முடியாது.

முன்பு மாணவரின் ‘அடைவு இடைவெளி’ என்று சொல்லப்பட்டதை இப்போது அங்கே பலரும் ‘பட்டம் வழங்குவதில் உள்ள இடைவெளி’ என்கிறார்கள். இதை வெறும் சொல்மாற்றமாக நான் கருதவில்லை. கணக்குச் சொல்லவேண்டிய பொறுப்பு மாணவரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறியிருக்கிறது. திருத்துபவர் பாகுபாடு காட்டாதிருக்க விடைத்தாளில் பெயரை மறைப்பது தேவைதான். ஆனால், தன் இனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரைக்கூடக் காணாமல், சந்தேகம் கேட்கவும் தயங்கி ஒதுங்கியிருந்த ஒரு மாணவரின் மூன்றாண்டு இழப்பை அது ஈடுசெய்யாது.

நம் கல்லூரிகளிலும் இதைக் கேட்டாக வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் எழுதியவர் யாரென்று தெரியாதபடி விடைத்தாளுக்கு டம்மி எண் இடுகிறார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணையோ, பெயரும் ஊரும் அறிந்த ஆசிரியரே இடுகிறார். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடி மாணவியும், அவளுக்கு நிகரான பிளஸ் டூ மதிப்பெண்ணோடு சேர்ந்த தர்மபுரி நகரத்து மாணவியும் எந்த வகுப்பில் தேறினார்கள், யார் இடையில் நின்றார்கள் என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டையும் தேர்வு முடிவையும் அருகருகே வைத்து அந்தக் கல்லூரியே கணக்கிட்டுவிடலாம். தங்களிடம் படித்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் பலரைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் இதைக் கேட்டு எழுதினால், அடுத்த இதழ்களில் வெளியிடக் காத்திருக்கிறேன்.