சுரங்கத்துக்குள் இறங்காமல் கூச்சி பார்த்து வரலாமா?

கேள்வி: இந்த விடுமுறைக்கு திருச்சியிலிருந்து வியட்நாம் போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், மாமனார், மாமியார் என ஐந்து பேர். ஹோ சி மின் நகரில் மூன்று நாள் தங்குகிறோம். போர்க்காலச் சுரங்கம் இருக்கும் கூச்சியையும் மீகாங் ஆற்றுப் படகுச் சவாரியையும் ஒரே நாளில் காட்டும் பேக்கேஜ் ஒன்றை என் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு மூடிய இடம் என்றாலே நெஞ்சு அடைக்கும், லிஃப்டில்கூடத் தனியாகப் போக மாட்டேன். "அவ்வளவு தூரம் போய் உள்ளே இறங்காமல் வருவதற்கு எதற்குக் காசு?" என்கிறார் அவர். மாமனாருக்கு 70 வயது. ஸ்டென்ட் வைத்தவர், முழங்கால் வலி வேறு. ஆனால் முதல் ஆளாக நான்தான் இறங்குவேன் என்கிறார். மாமியார் சுத்த சைவம். அங்கே துப்பாக்கி சுடலாமாமே என்று மகன் குதிக்கிறான். பேசாமல் நான் மட்டும் ஹோட்டலில் இருந்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம், கிளம்புங்கள். கூச்சியில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி தரைக்கு மேலேதான் இருக்கிறது. உங்கள் கணவரின் கேள்விக்கும் இதுதான் பதில். சுரங்கத்துக்குள் இறங்குபவர் பார்ப்பது முன்னால் ஊர்ந்து போகிறவரின் முதுகையும் மங்கலான நாலைந்து விளக்குகளையும்தான். அந்தச் சுரங்கம் எப்படி ஒரு பெரிய ராணுவத்தின் கண்ணில் மண்ணைத் தூவியது என்பது மேலே நிற்பவருக்குத்தான் புரியும்.

முதலில் அந்த பேக்கேஜை விடுங்கள். கூச்சி நகருக்கு வடமேற்கே இருக்கிறது, மீகாங் பக்கம் போகத் தெற்கே இறங்க வேண்டும். காலையில் ஒரு திசை, மதியம் எதிர்த் திசை. நகரத்து டிராஃபிக்கை நடுவில் ஒருமுறை கடக்கவும் வேண்டும். வேனில் உட்கார்ந்திருந்ததுதான் அன்றைக்கு நினைவில் நிற்கும், அதிலும் முழங்கால் வலிக்காரரோடு போனால் கேட்கவே வேண்டாம். மீகாங்குக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். கூச்சிக்கு அரை நாள் போதும். காலை ஏழு மணிவாக்கில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் நடையும் முடிந்துவிடும், பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்குவதற்கும் முந்திக்கொள்ளலாம்.

ஐந்து பேர் என்பதால் பெரிய பஸ்ஸில் சேரவே வேண்டாம். தனி வேனும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியும் எடுத்தால் தலைக்கு வரும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. குழு பஸ்கள் பெரும்பாலும் வழியில் ஒரு கைவினைப் பட்டறையில் நிறுத்தும். முட்டை ஓட்டையும் சிப்பியையும் பதித்து அரக்குப் படங்கள் செய்வார்கள். போரில் அமெரிக்கர்கள் தூவிய ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற ரசாயனத்தின் பாதிப்போடு பிறந்தவர்கள் வேலை செய்யும் பட்டறைகளும் அவற்றில் உண்டு. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். பேசும்போதே நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிவதற்குப் பாதி காரணம் அதைச் சேர்க்காததுதான்.

கூச்சியில் பார்வையாளருக்குத் திறந்திருப்பவை இரண்டு இடங்கள்: பென் தின், பென் யூக். குழு பஸ்கள் பெரும்பாலும் போவது பென் தின், நகரத்திலிருந்து அதுதான் பக்கம். பென் யூக் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இடம் பெரிது, கூட்டம் குறைவு. அங்கே போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் கோயில் இருக்கிறது. 1995இல் திறந்தது. உள்ளே சுவர் முழுக்க 44,000க்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது பென் யூக். பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம், பின்னால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வேனை புக் செய்யும்போதே இடத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். "கூச்சி" என்று மட்டும் சொன்னால் பென் தின்னில் கொண்டுபோய் விடுவார்கள்.

வழிகாட்டி எதற்கு, நாமே டாக்ஸி பிடித்துப் போகலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். போகலாம்தான், உள்ளே சுற்றிக்காட்ட அங்கேயே பச்சைச் சீருடை ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம் போரில் ஜெயித்த கம்யூனிஸ்ட் தரப்பு எடுத்தது. அது ஒரு பக்கக் கதை. தென் வியட்நாமில் எத்தனையோ வீடுகளில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி இன்னொரு பக்கமும் நின்றதை அந்தப் படம் சொல்லாது. நகரத்திலிருந்து கூட வரும் வழிகாட்டி, வேனில் போகும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் மெல்ல வாய் திறப்பார். காசு கொடுப்பது அந்தப் பேச்சுக்குத்தான்.

மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கச் சுருக்கமாகக் கொஞ்சம் வரலாறு. 1940களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகச் சண்டையிட்ட கிராமத்து ஆட்கள் ஒளிந்துகொள்ளத் தோண்டிய குழிகளில்தான் சுரங்கம் ஆரம்பித்தது. 1960களில் அமெரிக்கர்களோடு போர் மூண்டபோது அது மூன்று அடுக்காக வளர்ந்தது. மொத்த நீளம் சுமார் 250 கி.மீ. என்று கணக்குச் சொல்கிறார்கள். உள்ளேயே சமையலறை, சிகிச்சை அறை, ஆயுதப் பட்டறை, கூட்ட அறை எல்லாம் இருந்தன. அந்த ஊர்க் களிமண் காய்ந்தால் செங்கல்லாக இறுகிவிடும், அதனால்தான் முட்டுக் கொடுக்காமலே சுரங்கம் நின்றது. 1966இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் டிவிஷன் கூச்சியில் பெரிய முகாம் போட்டது. போட்ட இடம் சுரங்கப் பகுதியின் மேலேயே என்பது பிறகுதான் தெரிந்தது. ராத்திரியில் சுரங்கத்து ஆட்கள் முகாமுக்குள்ளிருந்தே சுடுகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பிடிபடவில்லை. 1967 ஜனவரியில் சுமார் 30,000 வீரர்களை இறக்கி அந்தப் பகுதியையே சல்லடை போட்டார்கள். ஊர்களைக் காலி செய்தார்கள், காட்டை புல்டோசரால் மழித்தார்கள், அப்படியும் சுரங்கம் ஒழியவில்லை. ஒல்லியான வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு கையில் பிஸ்டலும் மறு கையில் டார்ச்சும் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். 'சுரங்க எலிகள்' என்று அவர்களுக்குப் பெயர். பின்னால் பி-52 விமானங்கள் குண்டு போட்டுத்தான் பெரும் பகுதி இடிந்தது. அந்தக் குண்டுகள் விழுந்த பள்ளங்கள் இன்னமும் இருக்கின்றன, நீங்கள் நடக்கும் பாதை ஓரத்திலேயே பார்க்கலாம். உங்களுக்கு நிழல் தரும் மரமெல்லாம் போருக்குப் பிறகு வளர்ந்தவை.

இனி மேலே நின்று பார்க்க வேண்டியவை. காய்ந்த இலை கொட்டிக்கிடக்கும் ஓர் இடத்தில் சீருடைக்காரர் நிற்பார். "வாசல் எங்கே, கண்டுபிடியுங்கள்" என்பார். எல்லாரும் தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் கிடைக்காது. அவர் குனிந்து இலையை ஒதுக்குவார். ஒரு பெரிய புத்தகம் அளவுக்கு மரமூடி ஒன்று தெரியும். அதைத் தூக்கிக் கால்களை உள்ளே விட்டு, மூடியைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே சர்ரென்று இறங்குவார். மூடி பொருந்திக்கொள்ளும். மேலே இலைகள் சரிந்து கிடக்கும். அங்கே ஓர் ஆள் நின்றதற்கு அடையாளமே இருக்காது. உங்கள் மகன் இதைச் செய்து பார்க்கலாம், அவன் உடம்புக்குச் சுலபம். கை இரண்டும் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கணவர் முயற்சி செய்தால் போட்டோ எடுக்கத் தயாராக இருங்கள். இடுப்பு இடிக்கும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் கரையான் புற்றுகள். சிலவற்றை உற்றுப் பார்த்தால் சின்ன ஓட்டைகள் தெரியும், கீழே இருந்தவர்கள் மூச்சு விட்டது அவற்றின் வழியாகத்தான். அமெரிக்கர்கள் மோப்ப நாய்களைக் கொண்டுவந்தபோது, சுரங்கத்து ஆட்கள் அந்த ஓட்டைகளைச் சுற்றி மிளகாய்த் தூளையும் மிளகுத் தூளையும் தூவினார்கள். அதையும் தாண்டி நாய்கள் வந்தபோது அமெரிக்க சோப்பையும் அமெரிக்க வீரர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளையும் வைத்தார்கள். நாய்க்குத் தன் எஜமானர்களின் வாசனையே வந்ததால் பேசாமல் நகர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என் ஓட்டு அடுப்புக்குத்தான். ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையல்காரர் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் கண்டுபிடித்தது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. தரைக்கடியில் அடுப்பு. புகை நேரே மேலே வராமல் மண்ணுக்குள் வெட்டிய அறைகள், வாய்க்கால்கள் வழியாக நீளப் போய், குளிர்ந்து, அடுப்பிலிருந்து எட்டத்தில் தரையோடு தரையாகக் கசியும். அதுவும் விடியற்காலையில் சமைத்தார்கள், கசிவது பனிமூட்டத்தோடு கலந்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்கு ஒன்றும் தெரியாது. புகை கக்கும் விறகடுப்பில் கண்ணெரிய ஊதிய தலைமுறை உங்கள் மாமியாருடையது. இதன் அருமை வீட்டில் மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் புரியும்.

சாப்பாட்டுக்கும் அவர் கவலைப்பட வேண்டாம், அங்கே மட்டுமாவது. சுற்று முடியும் இடத்தில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து ஆவி பறக்கத் தருவார்கள். அதுதான் சுரங்கத்து ஆட்களின் அன்றாடச் சாப்பாடு. தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, எள், உப்பு, சர்க்கரை சேர்த்து இடித்த பொடி, நம் வீட்டு எள்ளுப்பொடிக்குத் தூரத்துச் சொந்தம். நகரத்து ஹோட்டல்களில்தான் ஜாக்கிரதை. வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். போர்டில் 'சாய்' என்று எழுதிய கடையாகப் பாருங்கள், அது பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டுக் கடை. "அன் சாய்" என்று மாமியாரும் சொல்லப் பழகிக்கொள்ளட்டும்.

உள்ளே இறங்குவது பற்றி இப்போது சொல்கிறேன். பார்வையாளருக்கான பகுதியை அகலப்படுத்தியிருக்கிறார்கள், விளக்கும் போட்டிருக்கிறார்கள். அப்படியும் பெரியவர்கள் நிமிர முடியாது. குத்துக்காலிட்டோ கையையும் காலையும் ஊன்றியோதான் நகர வேண்டும். ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அந்தப் பகுதி முழுவதும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மேலே வர வழி உண்டு, பாதிப் பேர் முதல் வழியிலேயே ஏறிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்ப முடியாது, பின்னால் ஆட்கள் இருப்பார்கள். மகனுக்கு முன்னால் வழிகாட்டி, பின்னால் அவன் அப்பா என்று அனுப்புங்கள். அவன் வேண்டாம் என்று வாசலில் தயங்கினால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, கேலியும் கூடாது.

மாமனார் இறங்கவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர், அந்தப் புழுக்கத்தில் குந்தியபடி நகர்வது இதயத்துக்கும் ஆகாது, முழங்காலுக்கும் ஆகாது. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம் என்று அங்கேயே சொல்லித் தடுப்பார்கள். நீங்கள் சொல்லி அவர் கேட்க மாட்டார், மருமகள் வாயால் அதைச் சொல்லவும் வேண்டாம். கிளம்பும் முன் அவருடைய டாக்டர் சொல்லட்டும், அங்கே வழிகாட்டி சொல்லட்டும். அடுப்பையும் பொறிக்கிடங்குகளையும் அவர் பொறுமையாகப் பார்க்கட்டும். கூரான மூங்கில் நட்ட குழிகளைப் பார்த்தால் பழைய வேட்டைக் கதைகள் அவருக்கே நினைவுக்கு வரும்.

உங்களைப் பற்றி. பயத்தை ஜெயிக்கிறேன் என்று அங்கே போய்ச் சோதனை செய்ய வேண்டாம். அப்படியும் எட்டிப் பார்க்க ஆசை இருந்தால் வரிசையின் கடைசி ஆளாக நில்லுங்கள். நாலு அடி போய்ப் பிடிக்கவில்லையென்றால் பின்னாலேயே வந்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இல்லையென்றால் நகரத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. சுதந்திர மாளிகை, தென் வியட்நாம் அதிபர் இருந்த இடம். 1975 ஏப்ரல் 30 அன்று வடக்கு ராணுவத்தின் டாங்கி கேட்டை இடித்துக்கொண்டு நுழைந்தது இங்கேதான். அதன் அடித்தளத்தில் போர்க்கால பங்கர் இருக்கிறது. வரைபடங்கள் தொங்கும் அறைகள், பழைய தொலைபேசிகள், ரேடியோ கருவிகள், நிமிர்ந்து நடக்கும் தாழ்வாரங்கள். படிக்கட்டு அருகிலேயே நின்று பார்த்துவிட்டு ஏறிவிடலாம். அங்கிருந்து பென் தான் மார்க்கெட் பக்கம் வந்தால் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். வியட்நாம்காரர்கள் ஊதுபத்தியோடு வரிசையில் நின்று கும்பிடுவார்கள். மாமியாருக்கு அந்த மாலை போதும்.

இன்னொரு தடவை வியட்நாம் போனால், மத்தியப் பகுதியில் ஹூயே நகரத்திலிருந்து வின் மோக் சுரங்கத்துக்குப் போய் வாருங்கள். கடலோரக் கிராமம் ஒன்று, குண்டுவீச்சிலிருந்து தப்ப, ஊரோடு மண்ணுக்கடியில் குடியேறிய இடம் அது. பக்கவாட்டில் குடும்பத்துக்கு ஓர் அறையாக வெட்டியிருக்கிறார்கள். உள்ளேயே 17 குழந்தைகள் பிறந்தன. சராசரி உயரக்காரர்கள் பெரும்பாலும் நடந்தே போகலாம். என்னைக் கேட்டால் கூச்சியைவிட மனதைத் தொடுவது அதுதான்.

கடைசியாகத் துப்பாக்கி. வளாகத்துக்குள் சுடுகளம் இருக்கிறது. ஏகே-47, எம்-16 எல்லாம் உண்டு, குண்டுக்கு இவ்வளவு என்று காசு. ஒன்றிரண்டு குண்டு தர மாட்டார்கள், கட்டாகத்தான் வாங்க வேண்டும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெயர் பொறித்த சுவரைப் பார்த்துவிட்டு வந்து காசு கொடுத்துச் சுடுவது எனக்கு ஒட்டவில்லை. உங்கள் கணவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் சண்டை போடாதீர்கள், ஆனால் 11 வயதுப் பையன் கையில் அது வேண்டாம். சுடாதவர்களுக்கும் அந்தச் சத்தம் காட்டுக்குள் வெகுதூரம் கேட்கும், திடீரென்று கேட்டால் தூக்கிவாரிப் போடும். மாமனாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். எல்லாருக்கும் முழுக்கால் பேன்ட், கொசு மருந்து, பிடிப்புள்ள ஷூ. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், செம்மண் வழுக்கும். உள்ளே இறங்கும் இருவருக்கும் மாற்றுச் சட்டையை வேனிலேயே வைத்துவிடுங்கள்.