மறுமொழி: கந்தகத் தூள் தண்ணீரில் கலக்காமல் மிதக்கிறது

வணக்கம் ஐயா. வெண்டையில் சாம்பல் நோய்க்குச் சாதா கந்தகத் தூள் வாங்கினீர்கள், எவ்வளவு கலக்கியும் வாளியில் மேலேயே மிதக்கிறது, காதி சோப்பு போட்டால் திரிதிரியாகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

கந்தகம் தண்ணீரைவிட இரண்டு மடங்கு கனம். ஆனாலும் தண்ணீர் அதில் ஒட்டாததால்தான் மிதக்கிறது. சோப்பு திரிந்ததற்குக் காரணம் உங்கள் போர் தண்ணீரின் உப்பு. அதிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாறு போடுங்கள். அதில் நுரை தரும் பொருளான சபோனினுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விதையை எடுத்துவிடுங்கள், சரக்கு தோலில்தான் இருக்கிறது. பத்துக் கொட்டைத் தோலை அரை லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: தூளை வாளித் தண்ணீரில் கொட்டாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் தூளைப் போட்டு, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியால் தேய்த்துக் குழையுங்கள். வெளிர் மஞ்சள் தூள் அடர் மஞ்சளாகி, கிண்ணத்தில் வழவழவென்று பரவினால் நனைந்துவிட்டது. பிறகு தண்ணீர் சேர்த்து, துணியில் வடிகட்டுங்கள். நுரை வர அடிக்காதீர்கள், நுரை தூளை மறுபடி மேலே தூக்கிவிடும்.

கந்தகம் கரையாது, நனையும், அவ்வளவுதான். அதனால் டேங்கை அடிக்கடி குலுக்குங்கள். சாறு சீக்கிரம் புளிக்கும், அன்றன்றைக்குச் செய்யுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். மீன் குட்டைப் பக்கம் மிச்சத்தைக் கொட்டவே கூடாது, சபோனின் மீன்களைக் கொல்லும்.

பையில் ‘நனையும் கந்தகம்’ என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். இருந்தால் பூந்திக்கொட்டையே வேண்டாம்.