குன்னூரில் இருக்கிறேன், காரின் டை ராட் எண்டை வீட்டிலேயே மாற்றலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பழைய ஆல்டோ, குழியில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று சத்தம், ஸ்டீயரிங்கில் லேசான ஆட்டம். டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை ஜாயிண்ட், தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நீங்களே மாற்றிவிட்டு, அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கக் கோவைக்கு இறங்கலாம் என்று நினைக்கிறீர்கள்.

நான் கோத்தகிரிக்காரன், என் வண்டியின் சில்லறை வேலைகளை நானே பார்த்துக்கொள்பவன். மாற்றுங்கள், செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கோவைக்கு இறங்கும் திட்டத்தை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பழுது அங்கேதானா என்று உறுதி செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். அப்படி ஆட்டம் தெரிந்தால் டை ராட் மேல் சந்தேகப்படலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போதும் ஆடினால் வீல் பேரிங்கையோ சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. வண்டி தரையில் நிற்கட்டும், வீட்டில் ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியுமாகச் சிறிது அசைக்கட்டும். நீங்கள் டை ராட் எண்ட் மேல் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்த ஜாயிண்டில் அந்த ‘டக்’ விரலுக்கே தெரியும். அங்கே தெரியாமல், ராக்கை (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல் தண்டை) மூடியிருக்கும் மடிப்பு ரப்பருக்குள் தெரிந்தால் தேய்ந்தது உள்பக்க ராக் எண்ட். அதற்குத் தனிக் கருவி வேண்டும், அதை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது இடம். இதை ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாதி வீடுகளின் வாசல் சரிவில்தான் இருக்கிறது. சரிவில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். கியர் போட்டு நிறுத்தினால் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆல்டோவில் எஞ்சின் விசை போவது முன்சக்கரங்களுக்கு. ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிய உடனே, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் கியருக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி போய்விடும். அப்புறம் மிச்சமிருப்பது ஹேண்ட்பிரேக்கும் பின்சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையும்தான். சமதளமான சிமெண்ட் தரையைத் தேடிப் பிடியுங்கள். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யாமல் ஸ்டாண்ட் மேல் இறக்கி வையுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள்.

இனி கழற்றுவது. பனியும் மழையும் மாறி மாறி நனைக்கும் ஊர் என்பதால் எண்டை ராடில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் துருவேறிப் போயிருக்கும். முந்தின நாள் ராத்திரியே மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். ஜாயிண்டைக் கழற்றுவதற்கு முன்பே லாக் நட்டைக் கால் சுற்று இளக்க வேண்டும். எண்ட் நக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) மாட்டியிருக்கும்போதுதான் அது ஆடாமல் பிடித்துக் கொடுக்கும். ராடின் தட்டைப் பகுதியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டால் ரப்பர் பூட் முறுக்காது. பிறகு பால் ஸ்டட்டின் (நக்கிளுக்குள் நுழையும் ஜாயிண்டின் தண்டு) நடுவிலிருந்து ராடில் நீங்களே பெயிண்டால் வைத்த ஒரு குறி வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும் என்பார்கள். புது எண்டின் நீளம் பழையதோடு அச்சாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் செய்யுங்கள்.

நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு நட்டை இளக்குங்கள். முழுதாக எடுக்காமல் நாலைந்து மரை விட்டு வையுங்கள், விடுபடும்போது எண்ட் துள்ளி விழாது. ஸ்டட் கூம்பு வடிவத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை இழுத்து எடுக்கும் புல்லர் இருந்தால் சுலபம். இல்லையென்றால் நக்கிள் ஆர்மில் ஸ்டட் நுழையும் வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். ஸ்டட்டின் மரை நுனியில் மட்டும் அடிக்காதீர்கள், நுனி நசுங்கினால் நட் வெளியே வராது.

புதியதைப் பழைய அளவுக்கே திருகி, கூம்பையும் ஓட்டையையும் துணியால் சுத்தமாகத் துடைத்து மாட்டுங்கள். நட்டை மேனுவலில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்குங்கள். ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் நேராக்க வேண்டும், ஒருபோதும் திரும்ப இளக்கக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியதாகவே இருக்கட்டும். சில எண்டுகளில் பின்னுக்குப் பதில் நைலான் வளைய நட் வரும், அதுவும் புதியதுதான் போட வேண்டும். லாக் நட்டையும் மறக்காமல் இறுக்கிவிடுங்கள். எதிர்ப்பக்க எண்டும் இதே குழிகளில் ஓடியதுதான், அதையும் சோதித்து, சந்தேகம் இருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இப்போது கோவை விஷயம். இந்த ராடில் ஒரு முழுச் சுற்று தவறினால் அந்தச் சக்கரத்தின் கோணம் அரை டிகிரிக்கு மேல் மாறிவிடும். அலைன்மெண்டில் அனுமதிக்கும் வித்தியாசம் அதைவிட மிகக் குறைவு. டேப்பால் அளந்து வைத்தது அலைன்மெண்ட் கடை வரை மெதுவாகப் போகத்தான் உதவும். மலை இறங்கும்போது பிரேக் பிடித்தால் எடை பெருமளவு முன்பக்கம் சாயும், சக்கரத்தை வளைக்கும் விசை நேராக இந்த ஜாயிண்டில்தான் விழும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர்களுக்கு அந்தச் சுமை எப்படிப்பட்டது என்று தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியார் பாதையும் இதில் சளைத்ததல்ல. முடுக்கியது சரிதானா என்று முதல் முதலாகச் சோதித்துப் பார்க்கிற இடம் அதுவாக இருக்கக் கூடாது.

அதனால் குன்னூரிலிருந்து கீழே இறங்காமல் மேலே ஊட்டிக்குப் போய் அலைன்மெண்ட் பாருங்கள். ஏற்றத்தில் வேகமும் குறைவு, பிரேக்குக்கும் வேலை குறைவு. கடையில் ‘டோ’ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்த பிறகு லாக் நட்டை இறுக்கினார்களா என்று நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு, மலை இறங்கும் முன் ஒருமுறை குனிந்து நட்டையும் பின்னையும் பார்த்துவிடுங்கள். ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்பதையும் அவ்வப்போது கவனியுங்கள், கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் புது ஜாயிண்டும் சீக்கிரமே ஆட ஆரம்பித்துவிடும்.