பீட்சாவுக்கு மதிப்பெண் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கும் என் மனைவிக்கும் பீட்சா என்றால் உயிர். வாரக் கடைசியில் ஒரு வேளையாவது வெளியே போய்ச் சாப்பிடுவோம், பெரும்பாலும் பீட்சாதான். போகப்போக, பக்கத்தில் இருக்கும் கடைகளை எல்லாம் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஃபோனில் ஒரு அட்டவணை போட்டேன். மாவு, சாஸ், சீஸ், டாப்பிங், பரிமாறும் விதம் என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு, மொத்தம் ஐம்பதுக்கு.

சிக்கல் என்னவென்றால், அதில் முதலிடம் பெற்ற கடைக்கு மறுபடி வர என் மனைவி மறுக்கிறாள். விறகடுப்பில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணியில் சுடுகிறார்கள், பீட்சா அபாரமாக இருக்கும். அவளுக்குப் பிடித்ததோ என் பட்டியலில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் சாதாரணக் கடை. தடிமனான பான் பீட்சா, சுட்ட இரும்புப் பாத்திரத்தோடு மேசைக்கு வரும். அப்படி என்ன அங்கே என்று கேட்டால், "அங்கேதான் நீ என்னோடு பேசுகிறாய்" என்கிறாள். போன வாரம் "நீ சாப்பிட வருகிறாயா, பேப்பர் திருத்த வருகிறாயா?" என்றும் கேட்டுவிட்டாள்.

நான் ஒப்பிடும் முறையில் தவறு இருக்கிறதா? அல்லது ஒப்பிட ஆரம்பித்தாலே ரசிப்பது போய்விடுமா? இன்னொன்று: அவள் அடிக்கடி அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவை ஆர்டர் செய்கிறாள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்ன பதிலை நீங்கள் பீட்சாவோடு சம்பந்தமில்லாததாக எடுத்துக்கொண்டீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. எனக்கு அது பீட்சாவைப் பற்றிய மிகத் துல்லியமான கருத்தாகவே படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் அட்டவணை.

நேப்பிள்ஸ் பாணி பீட்சாவையும் பான் பீட்சாவையும் ஒரே அட்டவணையில் வைத்து ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவது பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு பண்டங்கள். நேப்பிள்ஸ் பீட்சாவை ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் பாரம்பரியத் தயாரிப்பாகப் பதிவு செய்தது. அந்த விதிமுறைகளைப் படித்தால் அசந்துபோவீர்கள். விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடுப்பகுதி அரை சென்டிமீட்டரைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், ஓரம் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உப்பியிருக்க வேண்டும், விறகடுப்பின் சூடு சுமார் 485 டிகிரி செல்சியஸ், சுடும் நேரம் 60 முதல் 90 விநாடி. அவ்வளவு சூட்டில் அவ்வளவு குறைந்த நேரம் சுட்டால் ஓரத்தில் கரும்புள்ளிகள் விழும், உள்ளே ஈரம் தங்கிவிடும். நடு மெத்தென்று தொய்வாக இருப்பதுதான் அதன் லட்சணம். மொறுமொறுப்பு இல்லையே என்று அதற்கு மதிப்பெண் குறைத்தால், பாவம், அது என்ன செய்யும்?

பான் பீட்சாவில் பாதிச் சமையல் பாத்திரத்தின் அடியில்தான் நடக்கிறது. எண்ணெய் தடவிய இரும்பில் மாவு ஏறத்தாழப் பொரிந்துவிடுகிறது. அடுப்பின் சூடு குறைவு, நேரம் அதிகம். போடுகிற சீஸும் வேறு. ஈரம் குறைந்த மொஸரெல்லாதான் அதற்குச் சரிப்படும், நன்றாக இழுபடும், பொன்னிறமாகச் சிவக்கும். ஈரமான புது மொஸரெல்லாவை அதன் மேல் அள்ளிப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு குளமாகிவிடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-ல் பட்டிஸ் என்ற கடையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகங்கள் போட்டுவைக்கும் நீலநிற எஃகுத் தட்டுகளில் மாவைப் பரப்பிச் சுட்டார்கள். சதுரமாக, ஓரத்துச் சீஸ் தட்டின் சுவரோடு ஒட்டிக் கருகி, கடித்தால் நொறுங்கும். அந்த ஓரத் துண்டுக்குப் போட்டி நடக்கும். இதற்கும் நேப்பிள்ஸ் ஓரத்துக்கும் 'மாவு' என்ற ஒரே கட்டத்தில் மதிப்பெண் போட்டால், வரும் எண் இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

எனவே பட்டியலைப் பிரித்துவிடுங்கள், பாணிக்கு ஒன்று. அதற்குள் ஒப்பிடும்போது எல்லாக் கடையிலும் ஒரே பீட்சாவைக் கேளுங்கள். மார்கரீட்டா போதும். தக்காளி, மொஸரெல்லா, பேசில் இலை, எண்ணெய், இவ்வளவுதான் இருக்கிறது அதில். கடைக்காரர் எதற்குப் பின்னாலும் ஒளிய முடியாது. (1889-ல் இத்தாலி ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபயேல் எஸ்போசிட்டோ என்ற சமையல்காரர் செய்து கொடுத்தார் என்ற கதையைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் கடைகள் உண்டு. வரலாற்று ஆய்வாளர்களுக்கு அந்தக் கதையில் நிறையச் சந்தேகம். சுவரைப் படித்து மதிப்பெண் கூட்ட வேண்டாம்.) தக்காளியை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் மரினாரா. அதில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஆரிகானோ என்ற மூலிகை இலை, எண்ணெய். சாஸ் சுமாராக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 8 அங்குல பீட்சா இரண்டு வாங்கினால் பரப்பளவு சுமார் 100 சதுர அங்குலம். 12 அங்குலம் ஒன்றே ஒன்று வாங்கினால் 113. சுற்றி ஒரு அங்குலம் ஓரம் என்று கழித்துப் பாருங்கள். சாஸும் சீஸும் இருக்கும் பகுதி இரண்டு சின்னதிலும் சேர்த்து 57-தான், பெரியதில் 78-க்கு மேல். ஒரு கடையில் சின்னதையும் இன்னொரு கடையில் பெரியதையும் சாப்பிட்டுவிட்டு, முதல் கடையில் சாஸ் கஞ்சத்தனம் என்று எழுதினால் அது அநியாயம். நீங்கள் சாப்பிட்டதில் ஏறக்குறையப் பாதி ஓரம்.

உங்கள் அட்டவணையில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பீட்சா சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் ஒரே வெளுப்பாக இருந்தால் அடுப்புத் தளம் போதுமான அளவு சூடேறவில்லை. கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு கசந்தால், முந்தைய பீட்சாக்களிலிருந்து உதிர்ந்த மாவு தளத்திலேயே கிடந்து கருகியிருக்கிறது, பெருக்கிவிட ஆள் இல்லை. பழுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் பரவலாக இருந்தால் சமையல்காரர் கைதேர்ந்தவர். அப்புறம் ஓரத்தை ஒடித்து உள்ளே பாருங்கள். பெரியதும் சிறியதுமாக ஒழுங்கற்ற காற்றறைகள் இருக்க வேண்டும். மாவு நேரம் எடுத்துப் புளித்திருந்தால் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடையும். அதனால்தான் ஓரம் அழகாகச் சிவக்கிறது, வெறும் ஓரத்துக்கே ஒரு ருசி இருக்கிறது. தட்டில் ஓரங்கள் மிச்சமாகக் கிடக்கின்றனவா என்று பக்கத்து மேசைகளை ஒரு நோட்டம் விட்டாலே அந்தக் கடையின் மாவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். கடைசியாக ஒரு துண்டை ஆறவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். சூட்டில் எல்லாச் சீஸும் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, முறையைப் பற்றி இது போதும். உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்ன ஐரோப்பிய விதிமுறையில் இன்னொரு வரி உண்டு. நேப்பிள்ஸ் பீட்சாவை அடுப்பிலிருந்து எடுத்ததும், செய்த இடத்திலேயே, உடனே சாப்பிடுவது நல்லது என்கிறது. அரசாங்க ஆவணத்தில் இப்படி ஒரு வரியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு விடை அந்த வரியில் இருக்கிறது. அவ்வளவு மெல்லிய பீட்சாவில் சூட்டைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லை. மேசைக்கு வந்த சில நிமிடங்களில் சீஸ் இறுகும், தக்காளியின் நீர் நடுவில் ஊறும், ஓரம் ரப்பராகும். நல்ல ரசிகரான நீங்கள் என்ன செய்வீர்கள்? தட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அவர் அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார், உங்கள் கண் அவர் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் பீட்சாவின் மேல் இருக்கும். "முதலில் சாப்பிடு, ஆறிடும்" என்று நடுவில் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இரும்புப் பாத்திரத்தோடு வரும் தடிமனான பீட்சாவுக்கு அந்த அவசரம் இல்லை. கனத்த இரும்பு சூட்டை விடாமல் வைத்திருக்கும். ஒரு துண்டு எடுத்து, கொஞ்சம் பேசி, இன்னொரு துண்டு எடுக்கும்போதும் அது சூடாகவே இருக்கும். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரமும் அதிகம். சிகாகோவின் ஆழத்தட்டு பீட்சா அடுப்பில் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும். எதிரில் ஆள் இல்லாமல் அந்த அரைமணியைத் தனியாக ஓட்டுவது கஷ்டம். ஆகவே "அங்கேதான் நீ என்னோடு பேசுகிறாய்" என்று உங்கள் மனைவி சொன்னதைக் குறையாக மட்டும் கேட்காதீர்கள். அவரும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நீங்கள் தட்டுகளை ஒப்பிட்டீர்கள், அவர் சாயங்காலங்களை ஒப்பிட்டார். அவருடைய பட்டியலில் உங்கள் முதலிடக் கடை பின்னால் போனதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

அவருடைய பட்டியலில் என்னென்ன இருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். மேசையில் இரண்டு தட்டும் தண்ணீர் ஜாடியும் இடிக்காமல் நிற்கிறதா. குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா. சாப்பிட்டு முடித்ததும் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைமேல் நிற்கிறார்களா. எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டு பேருடைய தட்டும் சேர்ந்து வருகிறதா என்பது. ஒருவர் சாப்பிட மற்றவர் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சங்கடம் வேறில்லை. நல்லவர்களாக இருந்தால் "நீ ஆரம்பி", "இல்லை, உனக்கும் வரட்டும்" என்று மாறிமாறிச் சொல்லி அந்தப் பீட்சாவையும் ஆறவைப்பார்கள். 90 விநாடியில் வெந்துவிடும் கடையில் இரண்டாவது தட்டு பத்து நிமிடம் கழித்து வந்தால் அடுப்பைக் குறை சொல்ல முடியாது, ஆர்டரைக் கையாள்வதில்தான் கோளாறு. பரிமாறும் விதத்துக்கு நீங்கள் போடும் பத்தில் இதற்கு எவ்வளவு கழித்தீர்கள்?

ஒப்பிட்டால் ரசனை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. ஒப்பிடத் தெரியாதவருக்கு ரசிக்கவும் பாதிதான் தெரியும் என்பது என் கட்சி. ஆனால் மேசையில் ஃபோனை எடுத்து எண் தட்டுவது வேறு. எதிரில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் நீங்கள் இல்லை. அதோடு, எண் போட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது. "சாஸ் ஏழு" என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? "போன கடையைவிட இது புளிக்கிறதோ?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் மார்கரீட்டா வாங்குவார், அது ஒப்பிடுவதற்கு. மற்றவர் அன்றைக்கு மனசுக்குப் பட்டதை வாங்குவார், அதை எதோடும் ஒப்பிடக் கூடாது. இரண்டையும் பாதிப்பாதி பங்கு போட்டுக்கொள்வோம். அடுத்த முறை பொறுப்பு மாறும். குறிப்பு எழுதுவதெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் பேசி முடித்த பிறகுதான். அதற்குள் மறந்துபோகும் விஷயம் எழுதத் தக்கதல்ல என்று விட்டுவிடுவோம். உங்கள் விறகடுப்புக் கடையையும் கைவிட வேண்டியதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் போய், பேச வேண்டியதை முன்பே பேசி முடித்துவிட்டு, ஒரே ஒரு பீட்சாவை ஆர்டர் செய்து பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். தீர்ந்ததும் இன்னொன்று சொல்லலாம். அந்த அடுப்பின் வேகத்துக்கு அது சட்டென்று வந்துவிடும். இரண்டும் சூடாகக் கிடைக்கும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அன்னாசி விவகாரம். 1962-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சாத்தம் என்ற ஊரில் உணவகம் வைத்திருந்த சாம் பனோபூலோஸ் என்பவர் அதைச் செய்து பார்த்தார். கிரேக்கத்தில் பிறந்தவர். டின்னில் அடைத்த அன்னாசியைப் பீட்சாவின் மேல் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை, வேறு பெரிய காரணம் இல்லை. உலகம் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது அவ்வளவாக ஒத்துவராது, ஆனால் உப்பான சீஸோடு இனிப்பும் புளிப்பும் சேர்வது சிலருக்கு ஏன் பிடிக்கிறது என்பது புரிகிறது. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரே ஒரு கட்டம் வைத்துக்கொள்ளலாம்: அன்னாசியைச் சாறு வடித்துவிட்டுப் போட்டார்களா, இல்லையா. வடிக்காமல் போட்டால் நடு முழுக்க நனைந்துபோகும். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லுங்கள், ஆர்டர் செய்தவரை அல்ல.

அன்புடன்