11 மாத அக்ரிமென்ட், நாலாம் மாதமே காலி: வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி இது: வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000. ஜூன் 1 முதல் 11 மாத அக்ரிமென்ட். ஆறு மாதம் லாக்-இன் (அதுவரை காலி பண்ணக் கூடாது), அதற்குப் பிறகு காலி பண்ண ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறது. செப்டம்பர் 20-ஆம் தேதி குடித்தனக்காரர் வந்து, "மாசக் கடைசியில காலி பண்றேன் சார்" என்கிறார். அட்வான்ஸை அப்படியே பிடித்துக்கொள்ளலாமா? மீதி ஏழு மாத வாடகையும் கேட்கலாமா?

ஏழு மாத வாடகை கிடைக்காது. அட்வான்ஸ் முழுவதையும் வைத்துக்கொள்வதும் கேஸ் என்று போனால் நிற்காது. ஆனால் வெறுங்கையோடு விடவும் வேண்டாம். வீடு சும்மா கிடந்த நாட்களுக்கும், அவர் உடைத்த சாமானுக்கும் காசு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு தேதியை வைத்துத்தான் ஓடும்: சாவி உங்கள் கைக்கு வந்த தேதி. அதை எழுத்தில் வாங்காமல் விடுவதுதான் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் செய்கிற முதல் தப்பு.

ஏன் என்று பாருங்கள். அவர் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். வீடு இப்போது யார் வசம்? அவர் திரும்பி வந்து, "நான் இன்னும் காலி பண்ணல, ஊருக்குத்தான் போனேன், என் பீரோவைத் தூக்கி வெளியே போட்டுட்டாங்க" என்று சொன்னால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் வாடகை பற்றிப் பேசும் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதி வாங்குங்கள்:

"மேற்படி வீட்டை இன்று 30-ஆம் தேதி மாலை 5 மணிக்கு என் விருப்பப்படி காலி செய்து, மூன்று சாவிகளையும் வீட்டு உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். என் சாமான் எதுவும் உள்ளே இல்லை. மின் மீட்டர் ரீடிங் 14,382. அட்வான்ஸ் கணக்கை அக்ரிமென்ட்படி தனியே முடித்துக்கொள்ளச் சம்மதம்."

கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள் போதும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டால், நீங்களும் சம்மதித்துத்தான் அக்ரிமென்ட்டை முடித்தீர்கள், அதனால் நஷ்டம் கேட்க முடியாது என்று வாதம் வரும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரிதானே?" என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லாக்-இன். ஆறு மாதத்தில் நாலு முடிந்தது, இரண்டு பாக்கி. 24,000 ரூபாய் அப்படியே வருமா என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 73, 74-ஆம் பிரிவுகள் குறுக்கே நிற்கின்றன. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிய தொகை ஒரு உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான நஷ்டம் எவ்வளவோ அதைத்தான் கோர்ட் தரும். 1963-ல் ஃபத்தே சந்த் வழக்கிலும், 2015-ல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இன்னொன்று, நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயற்சி எடுத்தீர்களா என்றும் பார்ப்பார்கள். டு-லெட் போர்டு மாட்டாமல் வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு இரண்டு மாத வாடகை கேட்டால் எடுபடாது. போர்டு மாட்டிய அன்றே தேதியோடு ஒரு போட்டோ எடுங்கள். இணையத்தில் விளம்பரம் போட்டால் ஸ்கிரீன்ஷாட், புரோக்கரிடம் சொன்னால் அந்த மெசேஜ். இவைதான் உங்கள் சாட்சியம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். செப்டம்பர் 30-ல் சாவி வந்தது. புது ஆள் அக்டோபர் 25-ல் வருகிறார் என்று வையுங்கள். சும்மா கிடந்தது 24 நாள். 12,000-ஐ 31-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் 9,290. லாக்-இன் இல்லாமல் ஒரு மாத நோட்டீஸ் மட்டும் எழுதியிருந்தால், அக்டோபர் 20 வரைக்கும்தான் கேட்கலாம்: 7,742. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது, ஒரே நாளுக்கு இரண்டு வாடகை ஆகிவிடும். அக்டோபர் 1-ஆம் தேதியே புது ஆள் வந்துவிட்டால்? வாடகைக் கணக்கில் உங்களுக்கு நஷ்டமே இல்லை, எதையும் பிடிக்காதீர்கள். அக்ரிமென்ட்டில் லாக்-இன்னும் இல்லை, நோட்டீஸ் பற்றி ஒரு வரியும் இல்லை, 11 மாதம் என்று மட்டும் இருக்கிறதென்றால், அந்தக் காலம் அவரைக் கட்டுப்படுத்தும். அப்போதும் மறுபடி வாடகைக்குப் போகும் வரை ஏற்பட்ட நஷ்டம்தான் கணக்கு.

புரோக்கர் கமிஷன் பற்றி நிறையச் சண்டை வருகிறது. ஒரு மாத வாடகையை முழுசாகக் குடித்தனக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். 11 மாதம் கழிந்தாலும் அந்தக் கமிஷன் உங்களுக்கு வரத்தான் போகிறது, சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அக்ரிமென்ட்டில் எழுதியிருந்தால், அனுபவிக்காத ஏழு மாதத்துக்கான பங்கை, அதாவது 12,000-ல் 11-ல் 7 பங்கு, 7,636 கேட்பது நியாயம். எழுதவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்ற பழக்கமும் அப்படித்தான். நாலு மாதம் குடியிருந்தவரிடம் சுவர் அழுக்குக்கு 12,000 பிடிப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உடைந்த வாஷ்பேசின், பெயர்ந்துபோன கதவுத் தாழ்ப்பாள் வேறு விஷயம். பில்லோடு பிடிக்கலாம், குடிவந்த அன்று எடுத்த போட்டோ இருந்தால்.

கரண்ட் பில்லில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. நம் மாநிலத்தில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஈபி ஆள் செப்டம்பர் 10-ல் எழுதிவிட்டுப் போனால் அடுத்தது நவம்பர் 10 வாக்கில். ஆனால் அட்வான்ஸை, பிடித்தம் போக, வீடு உங்கள் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். பில் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால்தான் ஒப்படைப்புக் கடிதத்தில் மீட்டர் ரீடிங் எழுதச் சொன்னேன். கடைசி பில் ரீடிங்கிலிருந்து எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்து அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். இலவச 100 யூனிட் அந்த இணைப்புக்கு ஒருமுறைதான், இவருக்கு நூறு, அடுத்தவருக்கு நூறு என்று கிடையாது. ஸ்லாப் ஏறுவதும் மொத்த யூனிட்டை வைத்துத்தான்.

காலி நாள் 9,290, கரண்ட் 1,140, வாஷ்பேசின் 2,600 என்றால் 36,000-ல் 22,970 திருப்ப வேண்டும். ஒரு தாளில் இதை வரிவரியாக எழுதி, பில் நகல்களோடு கொடுத்து, வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. இப்படிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வீட்டுக்காரரோடு யாரும் லேசில் சண்டைக்கு வருவதில்லை.

இதில் சட்டம் என்று நான் சொல்வது 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டத்தை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிற வீடுகளுக்கு அது பொருந்தும். சத்துவாச்சாரி மாநகராட்சிக்குள் வருகிறது. ஊராட்சி எல்லையில் இருக்கிற வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம்தான். புதுச் சட்டப்படி அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். 11 மாதம்தானே, பதிவு வேண்டாம் என்ற பழைய எண்ணம் இங்கே உதவாது. அந்தப் பதிவு இல்லாத அக்ரிமென்ட்டைக் காட்டி வழக்குப் போட்டால், அதைச் சாட்சியமாக ஏற்பதிலேயே தகராறு ஆரம்பித்துவிடும்.

கடை வாடகையில் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். மூன்று வருட லீஸ், இரண்டு வருட லாக்-இன் என்று எழுதி, நோட்டரியிடம் சீல் வாங்கி வைத்திருப்பார்கள். நோட்டரி சீல் பதிவு ஆகாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது மாதாமாதம் ஓடுகிற வாடகையாகத்தான் நிற்கும், லாக்-இன் பிடிமானம் இழந்துவிடும். பதிவுச் செலவை மிச்சம் பிடித்தவர் இரண்டு வருட வாடகையைக் கோட்டை விடுவது இப்படித்தான். கடைக்காரர் போகும்போது ஜிஎஸ்டி பதிவிலிருந்து உங்கள் கடை முகவரியை நீக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள், அடுத்து வருகிறவர் அதே முகவரியில் பதிவு போடும்போது இடிக்கும்.

காட்பாடி பக்கம் விஐடி மாணவர்களுக்கு விட்டிருந்தால் கதை வேறு. நாலு பேரில் ஒருவன் மட்டும் கிளம்புவான், மீதி மூன்று பேர் "எங்க பங்குதான் தருவோம்" என்பார்கள். வாடகைக்கு நால்வரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற ஒரு வரி அக்ரிமென்ட்டில் இருந்தால் முழு வாடகையையும் அந்த மூவரிடம் கேட்கலாம். அந்த வரி இல்லையென்றால் வாதம்தான்.

சிஎம்சி சிகிச்சைக்கு வந்து தங்குகிறவர்களுக்கு லாக்-இன் போடவே போடாதீர்கள். மூன்று மாதம் என்று வருவார்கள், மூன்று வாரத்தில் டாக்டர் போகச் சொல்லிவிடுவார், சில சமயம் நோயாளியே இருக்க மாட்டார். அவர்களிடம் 15 நாள் வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, போகிற அன்று கணக்கு முடிப்பதுதான் இருவருக்கும் நல்லது.

ஆள் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போய்விட்டால் பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே நகை இருந்தது என்று ஒரு புகார் போதும், நீங்கள் ஸ்டேஷனுக்கு நடக்க. வாடகைப் பாக்கிக்காக அவர் டிவியையோ ஃபிரிட்ஜையோ பிடித்து வைப்பதற்கும், அவர் இருக்கும்போதே தண்ணீர், கரண்ட்டை நிறுத்துவதற்கும் உங்களுக்கு உரிமை கிடையாது. ஆதார் நகலில் இருக்கிற சொந்த ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு நோட்டீஸ் அனுப்புங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். "திறந்துக்கோங்க" என்று எழுத்தில் பதில் வந்தால் இரண்டு சாட்சிகளை வைத்து, வீடியோ எடுத்தபடி திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போடுங்கள். பதிலே இல்லை, இரண்டு மாத வாடகையும் நின்றுவிட்டது என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வீட்டை எடுக்க வேண்டும்.

பாக்கித் தொகை முப்பது, நாற்பதாயிரம் என்றால் வழக்குக்கு முன் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். கோர்ட் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், லோக் அதாலத்தில் (சமரச நீதிமன்றத்தில்) முடிந்தால் அது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. வாடகைப் பாக்கி கேட்க மூன்று வருடம் வரை காலம் இருக்கிறது, ஆனால் ஆறு மாதம் போனாலே ஆள் போன் நம்பர் மாறிவிடும்.

நம் ஊரில் லீஸ் என்றால் பலர் போக்கியத்தைத்தான் சொல்வார்கள். ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் மூன்று வருடம். அவர் ஒரு வருடத்தில் கிளம்பினால் இங்கே நெருக்கடி உங்களுக்குத்தான், பணம் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ போயிருக்கும். கெடு முடியும்வரை தர முடியாது என்று சொல்லலாம்தான், ஆனால் பத்திரம் பதிவாகாமல் இருந்தால் அந்தக் கெடுவை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. வீட்டையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் வைத்திருந்தால் வட்டி கேட்பார், கேட்பதும் நியாயம். புது போக்கியக்காரரை இருவரும் சேர்ந்து தேடி, ஒரே நாளில் அவர் பணம் உங்கள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து பழையவருக்குப் போய், பழைய பத்திரத்தின் பின்பக்கம் "பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன், வீட்டை ஒப்படைத்துவிட்டேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைப் புதியவரிடம் கொடுங்கள். பழைய பத்திரத்தின் அசலை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.