வீட்டில் இறந்தவருக்குக் கொரோனாதான் என்று உறவினர் பேச்சை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

பரிசோதனையே செய்யாமல் வீட்டில் இறந்தவரின் மரணக் காரணத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த முறைக்கு 'வெர்பல் அட்டாப்சி' என்று பெயர், அதாவது வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. கொரோனாவுக்கு முன்பே இருப்பதுதான். சென்னையிலும் விழுப்புரத்திலும் 1990களில் இறந்த சுமார் 80,000 பெரியவர்களின் மரணக் காரணத்தை இப்படித்தான் விசாரித்தார்கள்.

பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வருவார். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் எத்தனை நாள், இருமல் முதலில் வந்ததா மூச்சுத்திணறல் முதலில் வந்ததா, வாசனை தெரியாமல் போனதா, சர்க்கரை நோய் இருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது தொற்று இருந்ததா என்று கேட்பார். அப்புறம், நடந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்பார். என்னைக் கேட்டால் அந்தக் கதைதான் உயிர்நாடி. "ராத்திரி படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தேதான் இருந்தார்" என்று மகள் சொல்வது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்க முடியாத தகவல்.

நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் மரணங்களின் காரணத்தை விசாரித்த இந்தியாவின் மில்லியன் மரண ஆய்வில், அந்தப் படிவத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் எழுதினார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூத்த மருத்துவர் முடிவெடுப்பார். சில இடங்களில் கணினி நிரலே கணிக்கிறது.

சரி, தவறே வராதா? வரும். கொரோனா, நிமோனியா, காசநோய் மூன்றிலும் இருமலும் மூச்சுத்திணறலும் உண்டு. அதனால் ஒரு தனிமனிதரின் இறப்புச் சான்றிதழைத் திருத்த இது போதாது. ஒரு மாவட்டத்தில் எத்தனை பேரைப் பெருந்தொற்று கொண்டுபோனது என்று மதிப்பிட உதவும். துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறோம் என்பதால், சில வாரங்களாவது பொறுத்துத்தான் போக வேண்டும். அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.