ஆண்டுக் கட்டணம் வரப்போகிறது: ரிவார்டு கார்டுகளை மூடினால் கிரெடிட் ஸ்கோர் சரியுமா?

கேள்வி: என்னிடம் நான்கு கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. கட்டணம் ஏதும் இல்லாத முதல் கார்டை வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. மற்ற மூன்றையும் வரவேற்புப் பாயின்ட்டுகளுக்காக முறையே 3, 2, 1 ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினேன். அதே வரிசையில் நான்கின் கடன் வரம்புகள் 1.5, 2, 2.5, 4 லட்சம். மாதம் சுமார் 1,20,000 வரை கார்டுகளில் செலவாகிறது; ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. கடைசி இரண்டு கார்டுகளுக்கும் விரைவில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அவற்றை மூடிவிட்டு, நல்ல சலுகையோடு வந்திருக்கும் ஐந்தாவது கார்டு ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். எட்டு மாதங்களில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போவதால், கார்டை மூடினால் ஸ்கோர் சரிந்துவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு கார்டுகளையும் நீங்கள் மூடலாம், ஒரு சிறு முன்னேற்பாடு மட்டும் போதும். ஐந்தாவது கார்டை வீட்டுக் கடன் தொகை கைக்கு வந்து சேரும்வரை வாங்க வேண்டாம். உங்கள் நண்பர் அஞ்சுவது மூடுவதற்கு. உங்கள் நிலையில் இருப்பவர் அதிகம் யோசிக்க வேண்டியது புதிதாகத் திறப்பதற்கு. காரணத்தை உங்கள் எண்களைக் கொண்டே விளக்குகிறேன்.

ஸ்கோர் கணக்கிடும் முறைகளில், எவற்றுக்கு எவ்வளவு எடை என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருப்பவற்றுள் ஒன்று 1989-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஃபைக்கோ ஸ்கோர். அதில் தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15, புதிய கடன்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. மற்ற ஸ்கோர்களில் இந்த எடைகள் கூடவோ குறையவோ செய்யலாம். ஆனால் அவையும் பெரும்பாலும் இதே விஷயங்களைத்தான் பார்க்கின்றன. முதல் 35 சதவீதத்தில் உங்களுக்குக் குறையே இல்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

நண்பர் மனத்தில் வைத்திருப்பது வரலாற்றின் நீளத்தை என்று நினைக்கிறேன். கார்டை மூடியதும் அதன் வயது அழிந்துவிடும் என்ற எண்ணம் பரவலானது, ஆனால் சரியானது அல்ல. ஒழுங்காகக் கட்டி முடித்து மூடிய கணக்கு அமெரிக்கக் கிரெடிட் அறிக்கைகளில் 10 ஆண்டுகள்வரை இருக்கும். அது அறிக்கையில் இருக்கும் காலமெல்லாம் ஃபைக்கோ அதன் வயதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வான்டேஜ்ஸ்கோர் போன்ற வேறு சில முறைகள் மூடிய கணக்குகளில் சிலவற்றை விட்டுவிடுவதுண்டு. சரி, மிக மோசமாகவே வைத்துக்கொள்வோம்: மூடிய அன்றே இரண்டும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன என்று கொள்வோம். இப்போது உங்கள் நான்கு கார்டுகளின் வயது 132, 36, 24, 12 மாதங்கள். சராசரி 51 மாதங்கள். இளைய இரண்டும் போய்விட்டால் மிஞ்சும் இரண்டின் சராசரி 84 மாதங்களாக உயர்கிறதே தவிரக் குறையவில்லை. மூடக் கூடாதது அந்த 11 ஆண்டுக் கார்டுதான். அதற்குக் கட்டணமும் இல்லை என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதேனும் சிறு செலவு செய்து அதை உயிரோடு வைத்திருங்கள். நெடுங்காலம் பயன்படுத்தாத கார்டை வங்கியே மூடிவிடுவதும் உண்டு.

மூடுவதால் உண்மையில் அடி விழும் இடம் வேறு. மொத்த வரம்பில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற பயன்பாட்டு விகிதம்தான் அது. நிலுவைக்கு உரிய 30 சதவீதத்தில் இது முக்கியமான பங்கு வகிக்கிறது. இன்று உங்கள் மொத்த வரம்பு 10 லட்சம், செலவு 1,20,000, ஆகவே விகிதம் 12 சதவீதம். 2.5 லட்சமும் 4 லட்சமும் போய்விட்டால் வரம்பு 3.5 லட்சமாகச் சுருங்கும். ஒரு காசுகூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே விகிதம் 34 சதவீதமாக ஏறிவிடும். கார்டை மூடியபின் ஸ்கோர் இறங்கியதாகச் சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். வயதின் மேல் பழி போடுகிறார்கள்.

‘நான்தான் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேனே, எனக்கு ஏது நிலுவை?’ என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான வங்கிகள் ஸ்டேட்மென்ட் போடும் நாளை ஒட்டி உள்ள தொகையைத்தான் கிரெடிட் பீரோவுக்கு (கடன் விவரங்களைத் திரட்டி அறிக்கை தரும் நிறுவனத்துக்கு) அனுப்புகின்றன; நீங்கள் பணம் கட்டுவதோ அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்கு முன்பு. ஆகவே வட்டியே கட்டாத ஒருவரின் அறிக்கையிலும் மாதந்தோறும் ஒரு நிலுவை தெரிந்துகொண்டே இருக்கும். நான் மேலே சொன்ன முன்னேற்பாடு இதைச் சார்ந்ததுதான்: ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நான்கு நாட்கள் முன்பாகவே 90,000 கட்டிவிட்டால், பதிவாகும் நிலுவை 30,000 மட்டும். 3.5 லட்சம் வரம்பில் அது 9 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது இப்போது இருப்பதைவிடவும் மேலான நிலை. தனிக் கார்டு ஒவ்வொன்றின் விகிதமும் பார்க்கப்படுவதால் செலவை ஒரே கார்டில் குவிக்க வேண்டாம். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கவும் தேவையில்லை; சிறு தொகை ஒன்று பதிவாவது பூஜ்யத்தைவிடச் சற்று நல்லதாகவே அமையலாம். 30 சதவீதத்தைத் தாண்டாதவரை கவலையில்லை என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த எண் ஒரு மதில் அல்ல. குறையக் குறைய நல்லது, அவ்வளவே.

பழைய ஃபைக்கோ முறைகள் பலவற்றில் இந்த விகிதத்துக்கு நினைவு கிடையாது; இந்த மாதம் குறைத்தால், சென்ற மாதம் ஏறியிருந்தது கணக்கில் வராது. ஃபைக்கோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 ஆகிய புதிய முறைகள் ஏறக்குறைய 24 மாதப் போக்கையும் பார்க்கின்றன. எனவே விண்ணப்பிக்கும் மாதத்தில் மட்டும் முன்கூட்டிக் கட்டுவதைவிட, கார்டுகளை மூடும் மாதத்திலிருந்தே அதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

இனி ஐந்தாவது கார்டு. விண்ணப்பித்த உடனே வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெறும். அந்த விசாரணை பதிவாகிறது. ஃபைக்கோ கணக்கில் ஒரு விசாரணையால் பெரும்பாலோருக்கு ஐந்து புள்ளிகளுக்கும் குறைவாகவே இறங்கும். அது 12 மாதங்கள் கணக்கில் இருக்கும், அமெரிக்க அறிக்கையில் 2 ஆண்டுகள் தெரியும். வட்டியை ஒப்பிட்டுப் பார்க்கப் பல வங்கிகளில் வீட்டுக் கடன் கேட்டால், குறுகிய காலத்துக்குள் வந்த விசாரணைகளை ஒன்றாகவே எண்ணும் சலுகை ஃபைக்கோவில் உண்டு. கிரெடிட் கார்டு விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதோடு, புதிய கணக்கு சேர்ந்ததும் உங்கள் சராசரி வயது 51 மாதங்களிலிருந்து ஏறத்தாழ 41 ஆகிவிடும். புதிய வரம்பு கிடைப்பதால் பயன்பாட்டு விகிதம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதை முன்கூட்டிக் கட்டியே சாதிக்கலாம் என்று பார்த்தோம். புள்ளிக் கணக்கை விட என்னை உறுத்துவது வேறொன்று: வீட்டுக் கடன் அதிகாரி ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை, அறிக்கையையும் புரட்டுவார். மூன்று ஆண்டுகளில் மூன்று கார்டுகள், நான்காவது சில மாதங்களுக்கு முன்பு என்று கண்ணில் பட்டால் விளக்கம் கேட்பது இயல்பு. விகிதத்தை ஒரே மாதத்தில் சரிசெய்யலாம். புதிய விசாரணையும் புதிய கணக்கும் ஆற மாதக் கணக்காகும்.

மூடுவதற்கு முன் அந்த இரு வங்கிகளிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதே கணக்கைக் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா? பல வங்கிகள் சம்மதிக்கும்; கணக்கின் வயதும் வரம்பும் அப்படியே தொடரும், புதிய விசாரணையும் பெரும்பாலும் இராது. இரண்டு கார்டுகள் ஒரே வங்கியுடையவை என்றால், ஒன்றின் வரம்பை மற்றொன்றுக்கு மாற்றித் தரச் சொல்லியும் பார்க்கலாம். மாற்றித் தர மறுத்தால், கட்டணத்தை விடக் கூடுதலான பயனைச் சென்ற ஆண்டு அந்தக் கார்டிலிருந்து பெற்றீர்களா என்று கணக்கிடுங்கள். ஸ்கோரைக் காப்பாற்றுவதற்காக மட்டும் கட்டணம் கட்ட வேண்டாம். சேர்ந்துள்ள பாயின்ட்டுகளை முதலில் பயன்படுத்தி விடுங்கள், கணக்கை மூடியதும் அவை பெரும்பாலும் போய்விடும். ஓராண்டு நிறைவதற்குள் மூடினால் வரவேற்புப் பாயின்ட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையும் சில கார்டுகளில் உண்டு. உங்கள் கடைசிக் கார்டுக்கு அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடும் வேலையில் எனக்கே ஒருமுறை சறுக்கியது. நிலுவை முழுவதையும் கட்டி, தொலைபேசியில் சொல்லிக் கார்டை மூடிவிட்டதாக நினைத்திருந்தேன். அந்தக் கார்டோடு இணைத்திருந்த ஒரு மாதச் சந்தா மறுபடியும் பற்று வைக்கப்பட்டது எனக்குத் தெரியாது. அற்பத் தொகைதான், ஆனால் கட்டத் தவறிய தவணையாக அது என் அறிக்கையில் ஏறியபோது, பாயின்ட்டுகளில் நான் சம்பாதித்ததெல்லாம் சிரிப்புக்கு இடமாகிவிட்டது. ஆகவே தானியங்கிப் பற்றுகளை எல்லாம் முதலில் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்யமாக வரும்வரை காத்திருங்கள். கணக்கு மூடப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டு மாதங்கள் கழித்துக் கிரெடிட் அறிக்கையை எடுத்து, நிலுவை இன்றி மூடியதாகவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு எட்டு மாதங்கள் இருக்கின்றன. தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தவும் அதற்குள் நேரம் கிடைக்கும்.